நோயைப் பத்தி எழுத வேண்டாம், வேற எதையாவது எழுதலாம்

ஈட்டிங் டிஸார்டர், அதாவது சாப்பிடுற விதமே நோயா மாறிப்போற மனநோய், உள்ளவங்களோட உட்கார்ந்து எழுதுறது, படிக்கிறது, கையால ஏதாவது செய்றது, இதுதான் என் வேலைன்னு சொன்னா கேக்குறவங்க மனசுல உடனே ஒரு காட்சி வந்துடுது. எல்லாரும் வட்டமா உட்கார்ந்து, வேதனையை எல்லாம் நோட்டுல கொட்டி, அழுது முடிச்சு, மனசு லேசாகி எந்திரிச்சுப் போறாங்கன்னு. சில நாள் அப்படியும் நடக்கும்தான். ஆனா பெரும்பாலான நாள் நாங்க எழுதுறது ஒரு பழைய சாவியைப் பத்தி, ஜன்னல் கம்பியில வந்து உட்கார்ற பறவையைப் பத்தி, லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்ட ரெண்டு பேர் என்ன பேசிக்குவாங்கன்னு ஒரு கற்பனை உரையாடல். நோயைப் பத்தி ஒரு வரி இருக்காது. வேணும்னேதான் அப்படி வச்சிருக்கேன். அது ஏன்னு விளக்கமா எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

முதல்ல ஒண்ணு. நான் டாக்டர் இல்ல, தெரபிஸ்டும் இல்ல. டாக்டர், மனநல மருத்துவர், டயட்டீஷியன், தெரபிஸ்டுன்னு ஒரு குழு சிகிச்சை குடுக்கும்போது, அவங்களோட சேர்ந்து, அவங்க மேற்பார்வையில இந்த வேலையைச் செய்றேன். கவிதையோ ஓவியமோ சாப்பாட்டுக்குப் பதிலா ஆகவே ஆகாது. அனோரெக்சியா, அதாவது எடை கூடிடும்னு பயந்து சாப்பாட்டையே குறைச்சுக்கிற வகை, மனநோய்கள்லயே உயிரைப் பறிக்கிற அபாயம் ரொம்ப அதிகமா இருக்கிற ஒண்ணு. இதயத் துடிப்பு குறைஞ்சு, ரத்தத்துல பொட்டாசியம் இறங்கி இருக்கிற ஒருத்தர் கையில கலர் பென்சிலைக் குடுத்து "மனசுல இருக்கிறதை வரைங்க"ன்னு சொன்னா அது உதவி இல்ல. முதல்ல உடம்பு தாக்குப் பிடிக்கணும், அதுவும் மருத்துவர் கண்காணிப்புல. ஏன்னா ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு திடீர்னு சாப்பாடு குடுத்தாலே ரத்தத்துல இருக்கிற உப்புகள் தாறுமாறாகி உயிருக்கு ஆபத்தாகலாம்.

மூளைக்கும் இதே கதைதான். 1944 நவம்பர்ல அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்னு ஒரு விஞ்ஞானி ஒரு பரிசோதனை ஆரம்பிச்சார். போருக்குப் போக மனசாட்சி இடம் குடுக்கலைன்னு மறுத்த இளைஞர்கள்ல 36 பேர் தானா முன்வந்து கலந்துக்கிட்டாங்க, எல்லாரும் உடம்பும் மனசும் நல்லா இருந்தவங்க. முதல்ல மூணு மாசம் வழக்கமான சாப்பாடு, அதுக்கப்புறம் 24 வாரம் அரைப்பட்டினி. உலகப்போர்ல பட்டினி கிடந்த மக்களை எப்படி மறுபடி தேத்துறதுன்னு கண்டுபிடிக்கத்தான் அது. ஆனா அந்த இளைஞர்களோட மனசுக்கு என்ன ஆச்சுங்கிறதுதான் எங்க துறையில இன்னிக்கும் பேசப்படுது. நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வச்சு கதை படிக்கிற மாதிரி படிச்சாங்க. தட்டுல இருக்கிறதை மணிக்கணக்கா இழுத்து இழுத்து சாப்பிட்டாங்க. நண்பர்கள் வேண்டாம், சிரிப்பு வேண்டாம், காதல் வேண்டாம், படிப்புல கவனம் இல்லைன்னு உலகமே சுருங்கிப் போச்சு. இவங்க யாருக்கும் ஈட்டிங் டிஸார்டர் கிடையாது, வெறும் பட்டினி மட்டுமே இதைச் செஞ்சுது.

எனக்கு எல்லாமே இங்கேருந்துதான் தொடங்குது. இந்த நோய் ஒரு ஆளோட எடையை மட்டும் குறைக்கிறதில்ல, அவங்க எதுமேல எல்லாம் ஆசைப்பட்டாங்களோ அதை எல்லாம் ஒவ்வொண்ணா பிடுங்கிட்டு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விட்டு வைக்குது. பாட்டு கத்துக்கிட்டு இருந்தவங்க நிறுத்தி இருப்பாங்க, துப்பறியும் கதையா படிச்சுத் தள்ளினவங்க புத்தகத்தைத் தொட்டே வருஷக்கணக்கா ஆகியிருக்கும், மண்டைக்குள்ள சாப்பாட்டுக் கணக்கு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கும். அப்படி ஒருத்தர்கிட்ட போய் "உன் நோயைப் பத்தி எழுது"ன்னு சொன்னா, ஏற்கனவே இருபத்து நாலு மணி நேரமும் அதையே நினைச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் அதையே குடுக்கிறோம்.

படிக்கிறதுலயும் இதே விஷயம் தெளிவா தெரிஞ்சுது. எமிலி ட்ரோஷான்கோன்னு ஆக்ஸ்ஃபோர்டுல இலக்கிய ஆய்வாளர், அவங்களே பல வருஷம் அனோரெக்சியாவோட வாழ்ந்து மீண்டவங்க. பிரிட்டன்ல ஈட்டிங் டிஸார்டருக்கான பீட்ங்கிற தொண்டு நிறுவனத்தோட சேர்ந்து ஒரு சர்வே எடுத்தாங்க, 800 பேருக்கு மேல பதில் சொன்னாங்க, முடிவுகள் 2018ல வெளிவந்துச்சு. ஈட்டிங் டிஸார்டரை மையமா வச்ச கதைகளும் நினைவுக் குறிப்புகளும் படிச்சா ஆறுதலா இருக்கும், தனியா இல்லைன்னு தோணும்னுதானே நாமெல்லாம் நினைப்போம். ஆனா நோயை அனுபவிச்சவங்க பெரும்பாலும் சொன்னது வேற. அந்த மாதிரி புத்தகம் படிச்சப்புறம் மனநிலை, தன்மதிப்பு, உடம்பைப் பத்தின நினைப்பு, சாப்பாட்டுப் பழக்கம் எல்லாமே மோசமாச்சுன்னு சொன்னாங்க. அதே ஆளுங்க தங்களுக்குப் பிடிச்ச வேற வகைக் கதைகளைப் படிச்சப்போ நல்லா இருந்துச்சுன்னு சொன்னாங்க. இன்னும் நெஞ்சை அடைக்கிற விஷயம், சில பேர் தன் நோயை இன்னும் தீவிரமாக்கிக்கிறதுக்காகவே அந்தப் புத்தகங்களைத் தேடிப்பிடிச்சு படிச்சிருக்காங்க. எழுதினவர் எச்சரிக்கையா எழுதியிருப்பார், இவங்க அதை வழிகாட்டிப் புத்தகமா படிச்சிருப்பாங்க. இது சர்வே, அவங்கவங்க சொன்னதைத் தொகுத்தது, அதனால இதுதான் காரணம் இதுதான் விளைவுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நான் பக்கத்துல இருந்து பாத்ததுக்கும் இதுக்கும் அப்படியே ஒத்துப்போகுது. அதனால யாராவது "என் பொண்ணுக்கு அனோரெக்சியா, அதைப் பத்தி நல்ல நாவல் சொல்லுங்க"ன்னு கேட்டா நான் திருப்பிக் கேக்குறது, "நோய் வர்றதுக்கு முன்னாடி அவளுக்கு என்ன பிடிச்சிருந்துச்சு?"

எங்க கூட்டத்துல சில விதி உண்டு. எடை, கலோரி, உடை சைஸ், இந்த மூணோட எண்ணும் எழுத்துல வரக்கூடாது, வாய்ல வரக்கூடாது. எப்படி வாந்தி எடுத்தேன், எப்படி மறைச்சேன்ங்கிற செய்முறை வரக்கூடாது. ஒரு எண் காதுல விழுந்தா போதும், பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்க மனசு அதோட தன்னை ஒப்பிட ஆரம்பிச்சுடும், அதுக்கப்புறம் அந்த மணி நேரம் முழுக்க அவங்க அந்த அறையில இருக்க மாட்டாங்க.

சாப்பாட்டுக்கு அடுத்த ஒரு மணி நேரம், அதுதான் இவங்களுக்கு நாள்லயே மோசமான நேரம். சாப்பிட்டாச்சு, வயிறு நிறைஞ்ச உணர்வு பயமா மாறுது, எந்திரிச்சு நடக்கணும், பாத்ரூம் போகணும், எப்படியாவது இதைச் சரிக்கட்டணும்னு உள்ளுக்குள்ள ஒரு குரல். அந்த நேரத்துல யாருக்கும் ஆழமான எழுத்து வராது, கேக்கவும் கூடாது. கைக்கு வேலை குடுக்கணும். கனடாவுல ஒரு மருத்துவக் குழு அனோரெக்சியாவுக்காக அனுமதிக்கப்பட்ட 38 பெண்களுக்கு கம்பளி நூல் பின்ன கத்துக்குடுத்து, அவங்க அனுபவத்தைக் கேட்டு 2009ல எழுதினாங்க. 74 சதவீதம் பேர் பயமும் நோய் பத்தின எண்ணங்களும் குறைஞ்சுதுன்னு சொல்லியிருந்தாங்க. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு குழு கிடையாது, அதை வச்சு பெருசா முழங்க முடியாதுதான். ஆனா ரெண்டு கையும் நூல்ல இருக்கும்போது கண்ணும் கணக்கும் தையல்லயே இருக்கு, மனசுல கலோரி எண்றதுக்கு மிச்ச இடம் கொஞ்சம்தான். இந்தக் காரணம் எனக்குப் புரியுது.

நாங்க களிமண் வச்சிருக்கோம். ஒரு பொண்ணு, இருபது வயசு இருக்கும் (யாரையும் அடையாளம் தெரியாத மாதிரி எல்லாருடைய விவரத்தையும் மாத்தித்தான் எழுதறேன்), முதல்ல களிமண்ணைத் தொடவே மாட்டா, அழுக்கு, ஈரம், நகத்துக்குள்ள போகும். ஒரு நாள் தொட்டா. சாப்பாட்டுக்கு அப்புறம் நாற்பது நிமிஷம் ஒரு உருண்டையை வெறுமனே அமுக்கிக்கிட்டே இருந்தா, எதுவும் செய்யலை, கட்டைவிரலால ஒரு குழி, அப்புறம் அதை மூடுறது, மறுபடி குழி. மண்ணு விரல் முட்டியில காஞ்சு வெளுத்து விரலை மடக்கும்போது வெடிச்சு உதிர்ந்துச்சு, அதைப் பாத்துக்கிட்டே "டைம் ஆயிடுச்சா அக்கா?"ன்னு கேட்டா. அவ வழக்கமா அந்த ஒரு மணி நேரத்துல கடிகாரத்தை எத்தனை தடவை பாப்பான்னு தெரிஞ்ச நர்ஸ் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தாங்க, அவங்க முகத்தைப் பாத்திருக்கணும்.

இன்னொரு விஷயம், இது எழுத்துக்கே உரியது. இவங்கள்ல நிறைய பேருக்கு தனக்குள்ள நடக்கிற உணர்ச்சிக்குப் பேர் வைக்கத் தெரியாது. கோபமா, பயமா, பொறாமையா, தூக்கம் வருதா, பசியா, எல்லாம் ஒண்ணாக் கலந்து ஒரே ஒரு வாக்கியமா வெளிய வரும்: "இன்னிக்கு ரொம்ப குண்டா ஃபீல் ஆகுது." குண்டுங்கிறது ஒரு உணர்ச்சி இல்லைங்கிறது தெரபிஸ்டுங்க அடிக்கடி சொல்ற விஷயம். காலையில இருந்த உடம்பு சாயங்காலத்துக்குள்ள மாறிடாது, வேற ஏதோ நடந்திருக்கு. அந்த மாதிரி சமயத்துல நான் செய்றது கடைசி மூணு மணி நேரத்தை வேற ஒருத்தருக்கு நடந்த கதை மாதிரி எழுதச் சொல்றதுதான், "அவ"ன்னு ஆரம்பிச்சு. உடம்பைப் பத்தி எழுதக்கூடாது, என்ன நடந்துச்சு, யார் என்ன சொன்னாங்க, அவ்வளவுதான். எழுதிக்கிட்டே போவாங்க, நடுவுல எங்கேயோ அம்மா ஃபோன்ல பேசும்போது அண்ணனைப் பத்தி மட்டுமே பேசி வச்சுட்டாங்கன்னு ஒரு வரி வரும், பேனா அங்க நின்னுடும். அதுக்கு மேல நான் தோண்ட மாட்டேன், அது தெரபிஸ்டோட வேலை. நான் அந்தப் பக்கத்தை அவங்க தெரபிக்கு எடுத்துட்டுப் போகலாம்னு மட்டும் சொல்வேன்.

அப்போ நோயைப் பத்தி எழுதவே கூடாதான்னா, அப்படி இல்ல. ஒரு விதமான எழுத்து இருக்கு, அது உண்மையிலேயே உதவுது, ஆனா அதுக்கு ஆள் பக்கத்துல வேணும். ஆஸ்திரேலியாவுல மைக்கேல் வைட், நியூசிலாந்துல டேவிட் எப்ஸ்டன், இவங்க ரெண்டு பேரும் வளர்த்த, வாழ்க்கையைக் கதையா சொல்லிப் பாக்குற நேரேட்டிவ் தெரபியில ஒரு அடிப்படை உண்டு, ஆள் பிரச்சினை இல்ல, பிரச்சினைதான் பிரச்சினை. நோயை அந்த ஆள்கிட்ட இருந்து பிரிச்சு எதிர்ல உட்கார வச்சு அதோட பேசறது. லண்டன்ல மாட்ஸ்லி மருத்துவமனையைச் சேர்ந்த ஜேனட் ட்ரெஷர் குழு 1999ல வெளியிட்ட ஆய்வுல, நோயாளிகளை அனோரெக்சியாவுக்கே ரெண்டு கடிதம் எழுத வச்சாங்க, ஒண்ணு நண்பனுக்கு எழுதற மாதிரி, இன்னொண்ணு எதிரிக்கு எழுதற மாதிரி. நண்பன் கடிதத்துல திரும்பத் திரும்ப வந்த விஷயம் பாதுகாப்பு. நீ இருக்கிறப்போ எனக்கு பயம் இல்ல, நீ என்னைப் பாத்துக்கிறன்னு. பெத்தவங்களுக்கு இதைக் கேக்கவே கஷ்டமா இருக்கும், உயிரைக் குடிக்கிற ஒண்ணை எப்படி நண்பன்னு சொல்ல முடியும்னு. ஆனா அந்தக் கடிதம் எழுதப்படாத வரைக்கும் இவங்க எதை இழக்க பயப்படறாங்கன்னே நமக்குத் தெரியாது, தெரியாம "சாப்பிடு, சாப்பிடு"ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருப்போம்.

நான் பாத்த வரைக்கும் எதிரிக் கடிதம்தான் முதல்ல சுலபமா வரும். நீ என் வாழ்க்கையைக் கெடுத்தே, நீ போன்னு அரைப் பக்கத்துல முடிஞ்சுடும், மத்தவங்க எதிர்பாக்குறதை எழுதிக் குடுத்த மாதிரி இருக்கும். நண்பன் கடிதம் மூணு பக்கம் நாலு பக்கம் போகும். அதை எழுதி முடிச்சு தெரபிஸ்டோட உட்கார்ந்து படிச்சப்புறம், சில வாரம் கழிச்சு எழுதற ரெண்டாவது எதிரிக் கடிதம் இருக்கே, அதுலதான் விஷயமே இருக்கும். தங்கச்சி கல்யாண ஃபோட்டோவுல நான் எங்கேயும் இல்ல, ஏன்னா விருந்து நடக்கிற நேரம் முழுக்க நீ என்னை ஒரு ரூமுக்குள்ள உட்கார வச்சேன்னு ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. அவங்க அதைப் படிக்கும்போது குரல் ஏறுச்சு, அவ்வளவு நாள்ல அவங்க கோபப்பட்டு நான் கேட்டதே இல்ல.

ஜேம்ஸ் பென்னபேக்கர்ங்கிற அமெரிக்க உளவியலாளரோட எழுத்து முறை பத்தியும் அடிக்கடி கேக்குறாங்க. 1986ல அவரும் சாண்ட்ரா பியலும் கல்லூரி மாணவர்களை நாலு நாள் தொடர்ந்து, ஒவ்வொரு நாளும் 15 நிமிஷம், மனசை ரொம்ப பாதிச்ச விஷயத்தைப் பத்தி எழுத வச்சாங்க. நடந்ததையும் அதோட உணர்ச்சியையும் சேர்த்து எழுதினவங்க அடுத்த சில மாசங்கள்ல மத்தவங்களை விட டாக்டர்கிட்ட போனது குறைவா இருந்துச்சு. நல்ல ஆய்வு, அதுக்கப்புறம் எத்தனையோ ஆய்வுக்கு வழி போட்டுச்சு. ஆனா அந்த மாணவர்கள் இந்த நோயாளிகள் இல்ல. தனியா ராத்திரி உட்கார்ந்து உடம்பைப் பத்தி பதினைஞ்சு நிமிஷம் எழுதறது இவங்கள்ல சில பேருக்கு தன்னைத்தானே திட்டுற பதினைஞ்சு நிமிஷமா மாறிடும். பத்து பக்கம் எழுதியிருப்பாங்க, பத்து பக்கமும் ஒரே வாக்கியத்தோட பத்து வடிவம். அப்படி சுத்திச் சுத்தி வந்தா அந்த வகை எழுத்தை நிறுத்தச் சொல்லிடுவேன்.

இந்த நோயோட சேர்ந்தே வர்ற இன்னொண்ணு, எல்லாம் கச்சிதமா இருக்கணும்ங்கிற பிடிவாதம். ஒரு பையன் (ஆமா, பசங்களுக்கும் வரும், அவங்களுக்கு கண்டுபிடிக்கவே லேட்டாகுது) ஒரே வரியை எழுதி அழிச்சு எழுதி அழிச்சு பேப்பரே தேஞ்சு ஓட்டை விழுந்துச்சு. வரி நல்லாத்தான் இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும். அடுத்த வாரத்துல இருந்து ரப்பரை எடுத்துட்டோம், எல்லாருக்கும் பேனா மட்டும்தான். வேணும்னே மோசமா ஒரு கவிதை எழுதணும், யாருது ரொம்ப மோசம்னு பாக்கலாம்னு ஒரு நாள் வச்சோம். மத்தவங்க எல்லாம் சிரிச்சுக்கிட்டே எழுதினாங்க, அவனுக்கு வேர்த்துச்சு. எதுகை எதுக்கும் ஒட்டாத நாலு வரி எழுதிட்டு சத்தமா படிச்சான், யாரும் அவனை எதுவும் சொல்லலை. இது விளையாட்டு மாதிரி தெரியலாம், ஆனா தட்டுல இருக்கிறது சொன்ன அளவை விட கொஞ்சம் கூட இருந்தா உலகமே இடிஞ்சுடும்னு நம்புற ஒருத்தனுக்கு, சரியில்லாத ஒண்ணை எழுதி, அடுத்தவங்க முன்னாடி காட்டி, ஒண்ணும் ஆகலைன்னு பாக்குறது பெரிய விஷயம். பாராட்டறதையும் நான் குறைச்சுக்கிறேன். ரொம்ப அழகா எழுதறேன்னு சொல்லிட்டா அடுத்த வாரம் அதுவும் ஒரு பரீட்சை ஆயிடும்.

உடம்பு உருவத்தை வரையிறது, பெரிய காகிதத்துல தான் எவ்வளவு அகலம்னு நினைக்கிறாங்களோ அப்படி வரைஞ்சுட்டு அப்புறம் அதுமேல படுத்து உண்மையான கோடு போட்டு பாக்குறது, இதெல்லாம் இணையத்துல பாத்துட்டு வீட்டுல செஞ்சு பாக்கலாமான்னு கேக்குறாங்க. வேண்டாம். அது முறையா படிச்ச ஆர்ட் தெரபிஸ்டுங்க, ஆளோட நிலைமை தெரிஞ்சு, நேரம் பாத்து செய்ற விஷயம். அந்தக் கோட்டைப் பாத்ததும் சில பேர் நொறுங்கிப் போயிடுவாங்க.

புலிமியாவும் (நிறைய சாப்பிட்டுட்டு வாந்தி எடுத்தோ வேற வழியிலயோ சரிக்கட்டறது) பிஞ்ச் ஈட்டிங்கும் (கட்டுப்பாடு இல்லாம நிறைய சாப்பிடறது, ஆனா சரிக்கட்டறது இல்ல) உள்ளவங்களைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா இந்தப் பேச்சுலயே அவங்க காணாமப் போயிடறாங்க. ஈட்டிங் டிஸார்டர்னா மெலிஞ்ச பொண்ணுன்னு எல்லார் மனசுலயும் பதிஞ்சிருக்கு. பிஞ்ச் ஈட்டிங்கை தனி நோயா, மனநோய்களை வகைப்படுத்துற அமெரிக்க டிஎஸ்எம் கையேட்டுல சேர்த்ததே 2013லதான். இவங்களை அழுத்துறது வெட்கமும் ரகசியமும். குழுவுல வாய் திறந்து பேச மாட்டாங்க, ஆனா ஒரு கற்பனைப் பாத்திரத்தை உருவாக்கிக் குடுத்தா அந்தப் பாத்திரத்தோட வாயில எல்லாம் வரும். யாரும் இல்லாத வீட்டுல கதவைப் பூட்டிக்கிட்டு இருக்கிற ஒரு வயசானவர், அவர் அலமாரியில என்ன மறைச்சு வச்சிருக்கார், ஏன் மறைக்கிறார். கதைதானே, யாரும் கேள்வி கேக்க முடியாது. சொன்னவங்களுக்கும் தெரியும் கேக்குறவங்களுக்கும் தெரியும், ஆனா யாரும் யாரையும் அம்பலப்படுத்தலை.

ஒரு நம்பிக்கையை மட்டும் நான் கோபத்தோடயே எதிர்க்கிறேன். பட்டினியிலதான் கவிதை பிறக்கும், நோய் போனா எழுத்தும் போயிடும்ங்கிற நம்பிக்கை. எழுதற பிள்ளைங்க நிறைய பேர் இதை உள்ளுக்குள்ள வச்சிருக்காங்க, குணமாக மறுக்கறதுக்கு இதுவும் ஒரு காரணம். அவங்ககிட்ட நான் லூயிஸ் க்ளிக் பத்தி சொல்வேன், 2020ல இலக்கிய நோபல் வாங்கின அமெரிக்கக் கவிஞர். பதின்ம வயசுல கடுமையான அனோரெக்சியா, பள்ளிக்குப் போறதையே நிறுத்த வேண்டி வந்துச்சு, ஏழு வருஷம் மனப்பகுப்பாய்வு சிகிச்சை எடுத்தாங்க. அந்தச் சிகிச்சைதான் தனக்கு யோசிக்கக் கத்துக்குடுத்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. நோபல் வரைக்கும் கொண்டுபோன அத்தனை தொகுப்பும் அந்தச் சிகிச்சை தொடங்கினதுக்கு அப்புறம் வந்ததுதான். இதைச் சொல்லும்போது தலையாட்டாம கேட்டுக்கிட்டு இருப்பாங்க, உடனே நம்பிட மாட்டாங்க, பரவாயில்ல.

வீட்டுல இருக்கிறவங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்லிடறேன். அவங்க நோட்டை அவங்க காட்டாம படிக்காதீங்க. ஆர்வத்துல, பயத்துல கை பரபரக்கும், புரியுது. ஆனா ஒரு தடவை படிச்சீங்கன்னு தெரிஞ்சா அதுக்கப்புறம் உங்களுக்காக எழுதின நோட்டு ஒண்ணும் உண்மையான நோட்டு ஒண்ணும்னு ரெண்டு ஆயிடும். அவங்களா காட்டினா, எழுத்தைத் திருத்தாதீங்க, "இன்னிக்கு சாப்பிட்டியா?"ன்னு அதுலயும் கொண்டுபோய் முடிக்காதீங்க, எழுதினது பறவையைப் பத்தின்னா பறவையைப் பத்திப் பேசுங்க. சேர்ந்து உட்கார்ந்து சத்தமா ஒரு கதையைப் படிக்கிறது, அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம் இருக்கிற அந்த ஒரு மணி நேரத்துல, வீட்டுல யாரும் செய்யலாம், பயிற்சி எதுவும் வேண்டாம். கதை சுவாரசியமா இருக்கணும், எடை குறைக்கிறதைப் பத்தி பேச்சு இல்லாததா இருக்கணும், அவ்வளவுதான்.

ஆனா மயக்கம் வருது, நெஞ்சு படபடக்குது, வாந்தியில ரத்தம், எந்திரிச்சு நிக்க முடியலை, தண்ணி கூட குடிக்க மாட்டேங்கிறாங்க, இல்ல வாழவே வேண்டாம்ங்கிற பேச்சு வருதுன்னா, அது எழுத்துலயே வந்தாலும் சரி, அதைக் கவிதைன்னு நினைச்சுட்டு விட்டுடாதீங்க. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. உயிருக்கு ஆபத்துன்னு பயந்து நோட்டைத் திறந்து பாக்க வேண்டி வந்தா பாருங்க, பாத்ததை மறைக்காம அவங்ககிட்டயே சொல்லிடுங்க.